காந்தத்தில் ஒட்டிய எரிமலை

கல்லை நாக்கு நுனியில் ஒரு தடவை ஒற்றி எடுத்தார். போதவில்லை போலிருக்கிறது, ஓரத்தை முன்பல்லால் லேசாகக் கடித்தும் பார்த்துவிட்டு, "களிதான். வண்டல் இல்ல" என்றார் கல்லு டீச்சர். பக்கத்து மேஜையில் நான் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். அப்படியே மூடிவிட்டேன்.

வண்டல் படிந்து உண்டான கல் என்றால் பல்லில் நறநறக்குமாம். களிமண் இறுகிய கல் என்றால் வெண்ணெய் மாதிரி வழுக்குமாம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய இடத்திலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த கல் அது. எத்தனை பேர் மிதித்ததோ, எந்த நாய் என்ன செய்ததோ. "கழுவிட்டாவது கடிக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "கழுவினா ருசி போயிடும்" என்றார். அவர் சொல்வதில் எது விளையாட்டு, எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை பிடிபட்டதில்லை.

அவர் எங்கள் பள்ளியில் புவியியல் நடத்துகிறார். நான் தமிழ். ஆசிரியர் அறையில் இருவருக்கும் ஒட்டினாற்போல் மேஜைகள். நடுவில் எல்லை என்று ஒன்று இருந்தது. நாளடைவில் அவருடைய கற்கள் அதைத் தாண்டி வந்து என் பக்கம் குடியேறிவிட்டன. விடைத்தாள்கள் காற்றில் பறக்காமல் இருக்கிறதே என்று நானும் விட்டுவிட்டேன். மற்றவர்கள் கழுத்துச் சங்கிலியில் டாலர் மாட்டுவார்கள். இவர் மடக்கு லென்ஸ் ஒன்றை மாட்டியிருக்கிறார். கைப்பைக்குள் ஓர் இரும்பு ஆணி, ஒரு சின்னக் காந்தம், கண் சொட்டு மருந்து பாட்டிலில் வினிகர், இவை போக அன்றன்றைய கற்கள். பஸ்ஸில் யாராவது இரக்கப்பட்டு, "பையைக் குடுங்க, மடியில வச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொண்டால், அடுத்த நிறுத்தம் வருவதற்குள் அவர்கள் முகம் மாறிவிடும்.

யார் எந்தக் கல்லைக் கொடுத்தாலும் வெறும் உள்ளங்கையில்தான் வாங்குவார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தால் பிடிக்காது. "கைக்குத் தெரியணும். எடை தெரியணும், குளிர்ச்சி தெரியணும். பொட்டலம் கட்டறதுக்கு இது என்ன பக்கோடாவா?"

வகுப்பறை அலமாரியில் அவருக்கு மூன்று மரத்தட்டுகள் உண்டு. தீப்பாறைக்கு ஒன்று, படிவுப் பாறைக்கு ஒன்று, உருமாறிய பாறைக்கு ஒன்று. "உருகி உறைஞ்சது, உதிர்ந்து படிஞ்சது, அமுங்கி மாறினது. இந்த மூணுதான். உலகத்துல இருக்கற கல்லெல்லாம் இந்த மூணுல ஒண்ணு" என்று ஆரம்பிப்பார். பிறகு முதல் தட்டிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துக் காட்டுவார். "இவர் கெட்டியா இருக்கேன்னு நினைச்சுட்டு இருக்காரு. மழையும் வெயிலும் இவரை விடாது. மணலா உதிர்ந்து ஆத்தோட போவாரு. போய்ப் படிஞ்சு, மேல மேல பாரம் ஏறி, மணற்கல்லா இறுகுவாரு. அதுவும் ஆழத்துல போய் மாட்டிக்கிட்டா சூட்டுல வெந்து, அமுங்கி, வேற ஆளா மாறுவாரு. இன்னும் கீழ போனா உருகியே போயிடுவாரு. அப்புறம் என்ன, மேல வந்து ஆறினா பழையபடி முதல் தட்டு. கல்லுக்கு மட்டும் ரிட்டயர்மென்ட்டே கிடையாது." பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தது எதுவும் பரீட்சையில் மறக்காது என்பது அவர் கணக்கு.

ஆசிரியர் அறையிலும் இந்தத் தட்டுப் பிரிவினை உண்டு. விளையாட்டு ஆசிரியர் படிவுப் பாறை. "வருஷா வருஷம் இடுப்பைச் சுத்தி ஓர் அடுக்கு படியுதே, தெரியல?" கணக்கு டீச்சர் உருமாறிய பாறை. "மாமியார் ஒரு பக்கம், மருமக ஒரு பக்கம் அமுக்கினதுல களிமண்ணு சிலேட்டாயிடுச்சு. இனி எதைச் சொன்னாலும் உள்ள எறங்காது." என்னைச் சுண்ணாம்புக் கல் என்றார். "பாக்க சாது. ஒரு சொட்டுப் புளிப்புப் பட்டா பொங்கிடுவீங்க." நான் ஒன்றும் அப்படிப் பொங்குகிறவள் இல்லை என்று சற்று உரக்கவே சொன்னேன். "பாத்தீங்களா" என்றார்.

ஆளிடம் ஒரு குறை உண்டு. சோதிக்காமல் விடமாட்டார். தலைமையாசிரியைக்கு யாரோ சலவைக்கல்லில் செய்த வாத்து ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். அசலா போலியா என்று பேச்சு வந்தது. அவ்வளவுதான், சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்துவிட்டார். வினிகர் பட்ட இடம் மெல்ல நுரைத்தது. "அசல்தான் மேடம்!" என்று சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தார். வாத்தின் முதுகில் அந்த இடம் மட்டும் பளபளப்புப் போய், இன்றைக்கும் சொறி பிடித்தாற்போல இருக்கிறது. தலைமையாசிரியை அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்.

இப்படி ஊரார் கல்லையெல்லாம் கீறியும் கடித்தும் பார்க்கிறவர், ஒரே ஒரு கல்லை மட்டும் எதுவும் செய்ததில்லை. தீப்பாறைத் தட்டில் நடுநாயகமாக இருந்த கறுப்புக் கல் அது. ஒரு கைக்கு அடங்கும். உடம்பெல்லாம் ஓட்டை, ஒரு பக்கம் மட்டும் கண்ணாடியாகப் பளபளக்கும். அவருடைய அண்ணன் வாலிப வயதில் கடல் தாண்டி ஒரு நாட்டுக்கு வேலைக்குப் போனவர். சுற்றுலாக் கம்பெனியில் வேன் டிரைவர். எரிமலை பார்க்க வருகிறவர்களை மலைச் சரிவு வரை ஏற்றிப் போய் இறக்குகிற வேலை. அங்கிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது தங்கைக்காக எடுத்து வந்த கல். "நீங்க இதை மட்டும் கடிச்சுப் பாக்கலையே" என்று ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன். "அண்ணன் குடுத்ததைப் போய் யாராவது சோதிப்பாங்களா?" என்றார், கொஞ்சம் கோபமாகவே.

அந்த அண்ணனையும் எனக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவியோடு தங்கை வீட்டுக்கு வருவார். நான் அடுத்த தெருதான். கதை கேட்கவே போய்விடுவேன். ஆள் ஒல்லி, சிரித்த முகம், புருவம் என்று பேருக்கு நாலு முடி. "எரிமலை எனக்கு மொட்டை போட்டுடுச்சு. மலைதானே, தப்பில்ல" என்பார். டீயானாலும் சரி, குளிர்ந்த தண்ணீரானாலும் சரி, கைக்குட்டையை மடித்து அதன்மேல்தான் டம்ளரை வாங்குவார். "ஐஸ் தண்ணிக்கும் துணியா? ராஜ பரம்பரை!" என்று டீச்சர் கேலி செய்வார். "வழக்கமாயிடுச்சு பாப்பா" என்பார் அவர். ஐம்பது தாண்டிய தங்கை அவருக்குப் பாப்பாதான். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தாலும், "பாப்பா இருக்கா?" என்றுதான் கேட்பார். எடுத்தவர், "இங்க எல்லாரும் பெரியவங்கதான் சார்" என்று சொல்லி ஆசிரியர் அறையே சிரித்தது உண்டு.

எரிமலைக் கதையை மட்டும் யாராவது கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்.

"ஆறு மாதிரி ஓடும் பாப்பா. சிவப்புன்னா சாதாரண சிவப்பா? அப்புறம் கண்ணை மூடினாலும் கண்ணுக்குள்ளயே நிக்கும். ஓட ஓட மேல கறுப்பா பாலாடை மாதிரி படியும். சரி, ஆறிடுச்சுன்னு நினைப்போம். கம்பியால ஒரு குத்து குத்தினா உள்ளேருந்து குபுகுபுன்னு வரும் பாரு! செருப்போட அடி உருகித் தரையில ஒட்டிக்கும். காலைத் தூக்கினா நூல் நூலா வரும்."

கதை ஆரம்பித்ததுமே அண்ணி எழுந்து உள்ளே போய்விடுவார். கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். டீச்சருக்கு அலுத்ததே இல்லை. எரிமலைப் பாடம் வரும்போது பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, கறுப்புக் கல்லைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டே, ஆறு, பாலாடை, செருப்பு எல்லாவற்றையும் அண்ணன் வார்த்தையிலேயே சொல்வார். எங்கள் பள்ளியில் படித்த எவரை எழுப்பிக் கேட்டாலும் எரிமலைக் குழம்பு என்றால் பாலாடை என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் ஒரு நாள், இரும்புத் தாது பற்றிய வகுப்பு முடிந்து, கற்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். கையிலிருந்த காந்தம் டக்கென்று போய்க் கறுப்புக் கல்லில் ஒட்டிக்கொண்டது. எரிமலைக் கல்லிலும் காந்தம் லேசாக இழுபடும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இது விடாப்பிடியாக ஒரே இடத்தில் ஒட்டியது. அந்த இடத்தை ஆணியால் சுரண்டினார். கடுகளவு இரும்பு மணி ஒன்று வெள்ளையாக மின்னியது. லென்ஸை எடுத்தார். இன்னொரு மணி, பக்கத்திலேயே இன்னொன்று. எரிமலைக் கல்லுக்குள் இரும்பு இப்படித் தனி மணியாகக் கிடைப்பது லட்சத்தில் ஒன்று. இரும்பை உருக்குகிற உலையில், மேலே மிதந்து வழிகிற கசடில் கிடைப்பது சர்வ சாதாரணம்.

அவர் மேஜைக்கு வந்தபோது முகம் சிவந்திருந்தது. "பொய்க் கல்லுங்க. உலைக்கசடு. இத்தனை வருஷமா எல்லாப் புள்ளைங்க கையிலயும் பொய்யைக் குடுத்து அனுப்பியிருக்கேன்" என்றார். "அண்ணன் எந்த ரோட்டோரத்துல பொறுக்கினானோ!" போன் செய்து தனியாகக் கேளுங்கள் என்று சொன்னேன். "கேக்கத்தான் போறேன்" என்றார். அந்தக் குரலை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் மகள் புது வீட்டுக்குக் குடிபோனாள். நானும் போயிருந்தேன். மாடி வரைக்கும் ஜனம். சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், "எங்க சம்பந்திகிட்ட எரிமலைக் கதை கேட்டிருக்கீங்களா?" என்று யாரிடமோ பெருமையாக ஆரம்பித்தார். டீச்சர் பையைத் திறந்தார். "எங்கண்ணன் ஏறின எரிமலை எங்க இருக்குன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன்" என்று கல்லை எடுத்து, காந்தத்தை ஒட்டி, கவிழ்த்துக் காட்டினார். காந்தம் விழவில்லை. "ஏதோ இரும்புக் கடை கொல்லைப்புறத்துல இருக்கு. எந்தக் குப்பையில பொறுக்கினண்ணே?"

கூடமே சிரித்தது. வேடிக்கையாகத்தான் சொன்னார், பாதி. மீதிப் பாதியின் காரம் அண்ணனுக்கு மட்டும் எட்டியிருக்கும். சம்பந்திதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். "அப்போ நீங்க மலைக்கே போகலையா? எங்ககிட்டயே இத்தனை நாள் அளந்து விட்டிருக்கீங்களே!" அண்ணனும் சிரித்தார். "படிச்சவ கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அடுத்த பந்தியில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்ப்பதற்குப் போனவர், நாங்கள் கிளம்பும் வரை கூடத்துக்கு வரவில்லை. அண்ணி மட்டும் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஒரு நாள் பள்ளிக்குப் போன் வந்தது, எடுத்தது நான். "டீச்சர் இருக்காங்களா?" குரல் தெரிந்தது. பாப்பாவைத் தேடுகிறாரா என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். "புவியியல் டீச்சர்" என்றார். ஏதோ ரேஷன் அட்டை நகல் சம்பந்தமான விஷயம், அரை நிமிடப் பேச்சு. போனை வைத்துவிட்டு டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னை 'வாங்க போங்க'ன்னு பேசறாருங்க" என்றார்.

கோபத்தைத் தீர்த்துவைக்கலாம் என்று ஒரு மாலை அவர் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் இல்லை. அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாராம். நிமிராமலேயே பேசினாராம். மறுநாள் டீச்சர் அதை என்னிடம் வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"எந்த வேனு? அந்த மனுஷனுக்கு லைசென்ஸே கிடையாது. உருக்காலையில உலைக்கு முன்னால நின்னவரு. இரும்பு ஒரு பக்கம் போகும், கசடு ஒரு பக்கம் வாய்க்கால்ல ஓடும். அது அடைச்சுக்காம கம்பியால குத்திக் குத்தி ஓட விடணும். அதுதான் வேலை. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா அழுதே திரும்ப வரவழைச்சிருப்பாங்க. வந்தா உன் காலேஜு நின்னிருக்கும். அதான் வேன், சுற்றுலா, எரிமலைன்னு எழுதிப் போட்டாரு. விரல் நுனியெல்லாம் வெந்து வெந்து, எது சூடு எது குளிருன்னு அவருக்குத் தெரியாது. அதான் எதுக்கும் துணி. நீ என்னடான்னா ராஜ பரம்பரைங்கற."

டீச்சருக்கு அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருந்ததாம். கல்லைப் பற்றியாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று.

"வேலையை விட்ட அன்னைக்கு, ஆறிக் கிடந்ததுல ஒரு துண்டை எடுத்துட்டு வந்தாரு. அத்தனை வருஷம் அது முன்னால நின்னதுக்கு அவருக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். 'பாப்பாவுக்குக் கல்லு புடிக்கும்'னாரு. பையிலேருந்து எடுக்கும்போதே நீ 'ஐயோ எரிமலைக் கல்லு!'ன்னு குதிச்ச. குதிக்கறவகிட்ட என்னத்தைச் சொல்றது? சொல்லு."

எனக்கு அதைச் சொல்லி முடித்தபோது டீச்சர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கறுப்புக் கல்லை மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய படிகம்னா மெதுவா ஆறினது. படிகமே இல்லேன்னா சட்டுனு ஆறினது. ஓட்டைன்னா உள்ள இருந்த காத்து வெளிய வந்தது. எல்லாம் இதுல படிச்சேன். எவ்வளவு சூட்டுல உருகியிருக்கும்னுகூடச் சொல்லியிருப்பேன். அந்தச் சூட்டுக்குப் பக்கத்துல யாரு நின்னான்னு எனக்குக் கேக்கத் தோணல பாருங்க." வேன் டிரைவர் கையில் கம்பி எப்படி வந்தது என்று எங்களில் ஒருவருக்கும்தான் தோன்றவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு ஆளே ஒரு சுற்று இளைத்துப்போனார். பிள்ளைகள் கொண்டுவரும் கல்லை வாங்கி வைத்துக்கொள்வார்; கடிப்பதில்லை. என் மேஜைப் பக்கம் குடியேறிய கற்களையெல்லாம் ஒரு நாள் தானாகவே வாரிக்கொண்டு போய்விட்டார். விடைத்தாள்கள் பறந்தன. எரிமலைப் பாடத்தில் "ஆறு மாதிரி ஓடும்" வரைக்கும் வந்து, நிறுத்தி, புத்தகத்தைத் திறந்து படிக்கச் சொன்னாராம். கூட இருப்பவர்களுக்கு அதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அந்தச் சலவைக்கல் வாத்தைப் பற்றி இப்போது யாரும் சிரிப்பதில்லை.

மன்னிப்புக் கேட்க மூன்று தடவை போய், மூன்று தடவையும் கறிகாய் விலையைப் பேசிவிட்டுத் திரும்பினார். பேச்சு வாயிலேயே நின்றுவிடுகிறதாம். "நீங்க தமிழ் டீச்சர்தானே? நல்லதா நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்று என்னிடம் வந்தார். நானும் இரவல் கண்ணீரோடு உருகி உருகி எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது பிரிவு உபசார விழா மாதிரி இருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். அதில் கடைசியில் வாழ்த்துகூட இருந்தது.

கடைசியாக ஒரு சனிக்கிழமை, "நீங்களும் வாங்க. தனியா போனா மறுபடியும் கத்திரிக்கா விலைதான் பேசுவேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் வாசலிலேயே எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். வாங்கம்மா. உட்காருங்க." தங்கை உட்காரும் வரை அவர் உட்காரவில்லை. டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் கூட்டத்தைப் பற்றிக் கேட்டார். என் மகள் வேலையைப் பற்றிக் கேட்டார். பதில் சொல்லி முடித்ததும் டீச்சர் பையிலிருந்து கறுப்புக் கல்லை எடுத்து முக்காலிமேல் வைத்தார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு டி.வி.யைப் பார்த்தார். அண்ணி சமையலறை வாசலில் நின்றார். இந்த முறை உள்ளே போகவில்லை.

"திருப்பிக் குடுக்க வந்தீங்களா?"

"இல்லண்ணே. ஒண்ணு கேக்க வந்தேன்."

"என்ன?"

"உலையில... அது எப்படி ஓடும்ணே?"

அண்ணன் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். "ஆமா, சொல்லிட்டேன்" என்றார் அண்ணி. "எத்தனை நாளைக்குத்தான் நானே சுமக்கறது?"

அண்ணன் எழுந்து டி.வி.யை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "அதான் எப்பவோ சொல்லியிருக்கேனே. ஆறு மாதிரி ஓடும். மேல பாலாடை படியும்" என்றார். "அதுல எதுவும் பொய் இல்ல. இடம்தான் பொய்."

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நான்..."

"விடுங்க. சம்பந்தி நல்லா சிரிச்சாரு."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். "அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேண்ணே" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வந்த புதுசுல சொன்னா, போன வருஷங்களுக்கெல்லாம் சேர்த்து வச்சு அழுவாங்களேன்னு தள்ளிப் போட்டேன். அப்புறம் அவங்களே போயிட்டாங்க." முக்காலி விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அந்த விரல் நுனிகளை நான் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். ரேகை என்று எதுவும் இல்லாமல், கடையில் விற்கிற பொம்மை விரல் மாதிரி வழுவழுவென்று இருந்தன. "இப்ப இதை எங்க வைப்பீங்க? பழைய தட்டுலயா?"

"அதுல வைக்க முடியாதுண்ணே" என்றார் டீச்சர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பூமி உருக்கினாதான் தீப்பாறை. மனுஷன் உருக்கினது அதுல சேராது."

எனக்கு அவரைக் கிள்ளலாம்போல இருந்தது. இந்த நேரத்திலுமா!

"தனியா ஒரு தட்டு செய்யச் சொல்லியிருக்கேன்."

"ஒரே ஒரு கல்லுக்கா?"

"ஒரே ஒரு கல்லுக்கு."

"பசங்க கேட்டா என்னன்னு சொல்வீங்க?"

"நீ சொன்னதையேதான் சொல்வேன். ஆறு, பாலாடை, செருப்பு எல்லாம். இடத்தை மட்டும் மாத்திச் சொல்வேன். கம்பியைப் பிடிச்சது யாருன்னும் சொல்வேன்."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். உதறி, மடித்து, மறுபடி மடித்து, அதன்மேல் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கை பக்கம் நீட்டினார்.

"பாத்துப் பிடிங்க டீச்சர்" என்றார். உதட்டோரத்தில் பழைய ஞாயிற்றுக்கிழமை லேசாகத் தெரிந்தது. "சூடா இருக்கும்."

எந்தக் கல்லையும் வெறுங்கையில் வாங்குகிற டீச்சர் எழுந்து நின்றார். நனைந்திருந்த சேலைத் தலைப்பை இரண்டாக மடித்து, இரு கைகளிலும் விரித்து, அடுப்பிலிருந்து இறக்குகிற பாத்திரத்தை வாங்குவதுபோல அதை வாங்கிக்கொண்டார்.